பதினோரு பேருக்கு ஒரு பாஸ்டரா?

(வாசகர் கேள்விகளுக்குப் பொறையாற்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற சபை குரு ஒருவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். ஊழிய அழைப்பு உண்டென்று நம்பி வேலையை விட்டேன். வேதாகமப் பள்ளியில் படித்துவிட்டு, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கிராமத்துக்கு வந்தேன். 6 வருடம் ஆகிறது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் 11 பேர். அதில் 4 பேர் ஒரே வீடு. போன ஐப்பசியில் அடித்த காற்றில் ஷெட்டின் கூரை போய்விட்டது. மாதாமாதம் உதவி அனுப்பியவர்கள் “பலன் தெரியவில்லை” என்று கடிதம் போட்டு நிறுத்திவிட்டார்கள். என்னோடு படித்த நண்பனுக்கு டவுனில் 300 பேர் கொண்ட சபை இருக்கிறது. மாமனார் வீட்டில் “பதினோரு பேருக்கு ஒரு பாஸ்டரா?” என்று கேட்கிறார்கள். எனக்கு வந்தது அழைப்பே இல்லையா? இல்லை என்று தெரிந்தால் பட்டறைக்கே திரும்பிவிடுவேன்.
— பெயர் வேண்டாம், சின்னசேலம் பக்கம்

பதில்: தம்பி, முதலில் கூரையைப் பார்ப்போம். ஷீட் போட்டாயிற்றா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கடிதம் முழுக்கக் களைப்பு தெரிகிறது. வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு “போதும் கர்த்தாவே” என்றபோது ஆண்டவர் அவருக்கு உடனே உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரம் தட்டி எழுப்பிய தூதனும் சாப்பிடத்தான் சொன்னான். ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அதற்கப்புறம்தான். நீங்களும் கூரை போட்டு, சில நாள் நன்றாகத் தூங்கி எழும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம். களைப்பில் எடுக்கிற முடிவைக் கர்த்தருடைய சித்தம் என்று நினைத்துவிடுவோம்.

இனி அழைப்பைப் பற்றி. நான் இருக்கும் பொறையாற்றுக்குத் தரங்கம்பாடி பக்கம்தான். அங்கே ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் பெயரெழுத்தும் பார்க்கலாம். உள்ளே சீகன்பால்க் ஐயரை அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டை முதன்முதலில் தமிழில் அச்சிட்டவர் என்று வருகிறவர்களுக்குச் சொல்லுவோம். அவர்களும் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்த மனிதர் இங்கே பட்ட பாட்டை யாரும் நின்று கேட்பதில்லை. உங்களுக்கு அதைத்தான் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் சிறு வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். நோஞ்சான் உடம்பு. ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய், சுகமில்லாமல் பாதியில் விட்டவர். இப்படிப்பட்டவரையும் அவருடைய தோழர் புளுட்சோவையும் டென்மார்க் அரசர் அனுப்பிவைத்தார். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அரசரின் கடிதம் கையில் இருந்தது. ஆனால் இங்கே கோட்டைத் தளபதியாக இருந்த ஹாசியுசுக்கும் டேனிஷ் கம்பெனிக்கும் இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. ஊழியம் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம். இறங்கிய அன்றைக்கு எங்கே போய்த் தங்குவது என்று தெரியாமல் தெருவில் நிற்கவேண்டியதாயிற்று.

அவர் மனம் தளரவில்லை. ஒரு வயதான வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிறகு தினமும் காலையில் முந்தைய நாள் படித்த சொற்களைத் திரும்பப் படிப்பது, அப்புறம் ஆள் வைத்து ஓலைச்சுவடிகளை வாசிக்கவைத்துக் கேட்பது. இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. அன்றாட உழைப்புதான்.

1708ஆம் வருடத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஐரோப்பாவிலிருந்து அவருக்கு வந்த பணம், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது படகு கவிழ்ந்து கடலில் போயிற்று. அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். ஒரு மாதம் ஆகியிருக்கும். ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் அவளுக்காகப் பேசப்போய், தளபதியின் கோபத்துக்கு ஆளானார். கோட்டையில் அடைத்துவிட்டார்கள். நான்கு மாதம். டான்ஸ்பர்க் கோட்டைக்குள் போனால் கடலைப் பார்த்த அறைகள் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே மூச்சு முட்டும். உடம்பு முடியாத 26 வயதுப் பையன், மொழிபெயர்ப்பு ஆரம்பத்திலேயே நின்றுபோன நிலையில், உள்ளே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாராவது வந்து “உன் ஊழியத்துக்குப் பலன் எங்கே?” என்று கேட்டிருந்தால் அவர் எதைக் காட்டியிருப்பார்?

வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. சரி, அச்சிடவேண்டுமே? லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்டு, இயந்திரம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். அச்சுவேலை தெரிந்த ஒரு படைவீரர் கோட்டையிலேயே கிடைத்தார். அடுத்து, ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்தன. அந்த அளவில் அடித்தால் கையிலிருக்கும் காகிதம் போதாது. அதனால் இந்தப் பொறையாற்றில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள், புத்தகங்களிலும் இருக்கிறது. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன.

இன்னொன்றும் செய்தார். தமிழ்நாட்டுச் சமயத்தைப் பற்றி இங்குள்ளவர்களிடமே கேட்டு, சுவடிகளைப் படித்து, ‘தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி’ என்ற பொருளில் ஒரு பெரிய நூலை எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள், உன்னை அனுப்பியது இதற்காக அல்ல என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அது சென்னையில் அச்சானது 1867இல். எழுதியவர் இறந்து 148 வருடம் கழித்து.

உங்களுக்கு வந்ததைப் போன்ற கடிதம் அவருக்கும் வந்தது, தம்பி. கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்துச் செயலாளராக இருந்தவர், கட்டடமும் பள்ளிக்கூடமும் எதற்கு, அப்போஸ்தலர்களைப்போலக் கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் ஊராகப் போகவேண்டியதுதானே என்ற ரீதியில் கடுமையாக எழுதினார். கடல் தாண்டி ஒருநாளும் வராத மனிதர். அந்தக் கடிதங்கள் சீகன்பால்க் ஐயரை நொறுக்கிவிட்டன. புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆயிற்று. அடுத்த பிப்ரவரி 23ஆம் தேதி சீகன்பால்க் ஐயர் காலமானார். வயது 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் ரூத் வரைக்கும்தான் வந்திருந்தார்.

மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே ஐயர் முடித்தார். 1720களில் தஞ்சாவூர் அரசர் படையில் இருந்த ராஜநாயக்கர் என்ற சேவகர் கைக்கு அந்த அச்சுப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. அவர் பின்னாளில் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக உழைத்தார். 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார். சீகன்பால்க் ஐயர் இதில் எதையும் பார்க்கவில்லை.

உங்களுக்கும் பின்னால் பெரிதாக ஏதோ நடக்கும் என்று வாக்குக் கொடுக்க இதைச் சொல்லவில்லை. அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கன்வென்ஷன் மேடைகளில் “அன்று 3 பேர், இன்று 3,000 பேர்” என்று சாட்சி சொல்லும்போதெல்லாம், மூன்று பேரோடு ஆரம்பித்து மூன்று பேரோடேயே முடிந்துபோன எத்தனையோ உண்மையான ஊழியர்கள் என் நினைவுக்கு வருவார்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். நான் சொல்லவருவது இவ்வளவுதான்: 1708இல் கோட்டைக்குள் கிடந்த நாளில் அவருடைய அழைப்பு எவ்வளவு உண்மையோ, 1715இல் புத்தகம் கைக்கு வந்த நாளிலும் அவ்வளவுதான் உண்மை. புத்தகம் வந்ததால் அது கூடவில்லை. சிறைக்குள் போனதால் குறையவும் இல்லை. ஏசாயா 49ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தை எடுத்துப் படியுங்கள். வீணாக உழைத்தேனே என்று புலம்புகிறவரும், என் பலன் என் தேவனிடத்தில் இருக்கிறது என்கிறவரும் ஒரே ஆள்தான். ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது.

அந்தப் பதினோரு பேரைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே. அவர்கள் யார்? நான் கொள்ளிடக்கரைக் கிராமம் ஒன்றில் இருந்தபோது சபை சின்னது. பெண்கள் வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்து, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஒரு பாட்டியம்மாவின் சுருக்குப்பை எப்போதும் கனமாக இருக்கும். ஒரு வாரம் அது தொய்வாக இருந்தது. அடியில் கொஞ்சம் நொய் மட்டும். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மகன் வேலைக்குப் போகாமல் குடித்துக்கிடந்தான். அடுப்பு எரியவில்லை. பாட்டியம்மா யாரிடமும் சொல்லவில்லை. அரிசிதான் சொல்லிற்று. முந்நூறு பேர் இருக்கும் சபையில் ஒரு பையின் கனம் குறைந்தது என் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் நண்பருக்குக் கிடைத்திருப்பதும் நல்ல ஊழியம்தான். அதோடு உங்களுடையதை ஒப்பிட்டு உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் நிறுத்தியவர்கள்மேல் கோபம் வேண்டாம். கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பது நியாயம். தலை எண்ணிப் பார்த்து ஊழியத்தை அளப்பதுதான் நியாயமில்லை. அவர்களுக்கு வருத்தமில்லாமல் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

பட்டறைக்குத் திரும்பிவிடுவேன் என்று தோல்வியைப்போல எழுதியிருக்கிறீர்கள். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். உங்களுக்கு லேத் தெரியும். கள்ளக்குறிச்சியிலோ ஆத்தூரிலோ பட்டறைகள் உண்டு. வாரத்தில் சில நாள் வேலைக்குப் போங்கள், மற்ற நாள் கிராமத்தில் இருங்கள். அழைப்பை விடவேண்டும் என்ற நிலை வந்தால், அது உங்கள் தனி முடிவாகவும் மாமனார் வீட்டுப் பேச்சுக்குப் பயந்த முடிவாகவும் இருக்கக்கூடாது. உங்களை அறிந்த மூத்த ஊழியர் ஒருவரையும், அந்தப் பதினோரு பேரில் விவரமானவர் ஒருவரையும் உட்காரவைத்து, உங்கள் மனைவியும் கூட இருக்கப் பேசுங்கள். ஷீட் விஷயத்தை எனக்கு மறக்காமல் எழுதுங்கள். இங்கே சபையில் சொல்லிப் பார்க்கிறேன்.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. இதுவும் அவிசுவாசம்தானா?
— ஒரு வாசகர், நாசரேத்

பதில்: இல்லை. 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை இருட்டுதான், ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் கிடையாது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வார்த்தை வரும்வரை அந்த வார்த்தையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் நல்ல வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தார். நானும் சம்மதித்துத்தான் வந்தேன். ஆனால் இப்போது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை பாக்கி. நகையெல்லாம் அடகில் இருக்கிறது. ஏதாவது சொன்னால் “உனக்கு விசுவாசம் இல்லை” என்கிறார். தோல்வியில் நிலைத்து நிற்கவேண்டும் என்று மிஷனரிகள் கதையைச் சொல்கிறார். எனக்கு அந்தக் கதைகளைக் கேட்டாலே அழுகை வருகிறது.
— ஒரு சகோதரி, சாத்தான்குளம்

பதில்: அம்மா, உங்கள் அழுகைக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கதைகளைப் பாதியாகத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதியை உங்கள் கணவரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வில்லியம் கேரியை எல்லாரும் சொல்வார்கள். 1793இல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தில் முதல் வங்காளியாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். ஏழு வருடக் காத்திருப்பு. 1812இல் செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பிடித்து வருடக்கணக்கில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. அவர் மறுபடி உட்கார்ந்து எழுதினார். எல்லாம் உண்மை. எனக்கும் அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் அவருக்கு டாரதி என்று ஒரு மனைவி இருந்தார். இந்தியாவுக்கு வரவே மனமில்லாதவர். முதலில் முடியாது என்று சொல்லி, கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர். வந்த மறுவருடமே ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரதியின் மனநிலை பாதிக்கப்பட்டது. 1807இல் இறக்கும்வரை தேறவேயில்லை. கேரி ஒரு அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, அடுத்த அறையில் அந்த அம்மா பூட்டிய கதவுக்குள் இருந்தார். மிஷனரி கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் கடக்கமாட்டேன். கேரி நிலைத்து நின்றதற்கு அவர் மட்டும் விலை கொடுக்கவில்லை. பெரிய பங்கைக் கொடுத்தவரை யாரும் கேட்கவில்லை.

அதே கேரி இன்னொன்றும் செய்தார், அதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கையில் காசில்லாமல் குடும்பம் தவித்தபோது முத்னாபட்டி என்ற ஊரில் அவுரித் தொழிற்சாலை நிர்வாகியாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பின்னால் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராகச் சம்பளம் வாங்கினார். அதனால் அவருடைய விசுவாசம் குறைந்துவிட்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

பள்ளிக் கட்டணம் கட்டுவதும் ஊழியம்தான். தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி பவுல் தீமோத்தேயுவுக்கு எவ்வளவு கடுமையாக எழுதினார் என்று உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று நான் நம்பவில்லை. நகையைக் கழற்றிக் கொடுத்தது விசுவாசம் இல்லாமல் வேறு என்ன? இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். அவர் கோபப்பட்டால், எனக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள். அவரைக் குறைசொல்ல எனக்கு ஆசையில்லை. அவரும் உள்ளுக்குள் பயந்துபோயிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். விசுவாசம் இல்லை என்று மனைவியைச் சொல்லும்போது, பெரும்பாலும் ஒரு ஆண் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறான். பள்ளித் தலைமையாசிரியரை இருவருமாகப் போய்ப் பார்த்து, தவணை தவணையாகக் கட்ட அவகாசம் கேளுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நர்சிங் படிக்கவேண்டும் என்பது சின்ன வயது முதல் என் ஆசை, ஜெபமும்கூட. இரண்டு வருடமாக இடம் கிடைக்கவில்லை. “கதவு மூடினால் சித்தமில்லை என்று அர்த்தம்” என்கிறார் அம்மா. அப்படித்தானா ஐயா?
— ஒரு மாணவி, திருப்பத்தூர்

பதில்: மகளே, மூடின கதவு சில நேரம் வழிகாட்டும். பவுலுக்கு ஆசியாவும் பித்தினியாவும் அடைபட்டதால்தான் மக்கெதோனியாவுக்குப் போனார். சில நேரம் அது வெறும் மூடின கதவுதான். இடங்கள் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். அதில் ஆண்டவருடைய சித்தத்தைத் தேடி நீங்கள் குழம்பவேண்டாம்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் வேலூர் என்பதால் ஐடா ஸ்கடர் அம்மையாரைச் சொல்கிறேன். மிஷனரி ஆகவேமாட்டேன் என்று இருந்தவர் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டார்கள். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அங்கேதான் அவருடைய அழைப்பு தொடங்கியது. ஆனால் மருத்துவம் படித்துத் தேறியது 1899இல்தான். 1900இல் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களில், கூட நின்று கற்றுக்கொடுக்கவேண்டிய தகப்பனார் இறந்துபோனார். ஆரம்பத்தில் இந்த இளம் பெண்ணை நம்பி நோயாளிகள் வரவில்லை. அப்புறம் 1902இல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் ஆசை எதன்மேல்? நர்ஸ் என்ற பெயரின்மேலா, படுக்கையில் கிடக்கிற ஆளின்மேலா? ஆளின்மேல் என்றால் வழி ஒன்று மட்டும் இல்லை. லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி, மருந்தாளுநர் என்று படிப்புகள் இருக்கின்றன. பெயரின்மேல்கூட இருக்கலாம், அதிலும் தப்பில்லை. அப்படியானால் மூன்றாம் வருடமும் விண்ணப்பியுங்கள்.

அதுவரை சும்மா இருக்கவேண்டாம். உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக ஒருவராவது இருப்பார். அந்த வீட்டாரிடம் கேட்டு, தினமும் ஒரு மணி நேரம் போய், புரட்டிப் படுக்கவைக்க, கஞ்சி ஊட்ட, முதுகில் புண் வராமல் துடைத்துவிடக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வேலையை மூன்று மாதம் செய்தபிறகும் ஆசை அப்படியே இருந்தால், அம்மாவிடம் நானே பேசுகிறேன். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் போய் நின்றால் கிடைக்காது.